கொடும்பாவிக்கு வைத்த முகம்

பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். கண் தெரிகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனியிலிருந்து சிலை செய்கிறவர்கள் நாலு பேர் வருகிறார்களாம். நம் ஊர் ஆட்களோடு சேர்ந்து மண்ணில் ஒரு உருவம் செய்யப் போகிறார்களாம். மேளதாளத்தோடு ஊர்வலம் வேறு. "இரண்டு தேசத்துக் கைகள், ஒரே மண்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நடுவில் ஒரு பழைய போட்டோ. மண்ணால் செய்த ஒரு தலை. அவர்கள் நாட்டுக் காட்சிசாலை ஒன்றிலிருந்து கிடைத்ததாம். இதைப் பார்த்துத்தான் செய்யப் போகிறார்கள். படத்துக்குக் கீழே "மழைத் தெய்வம்" என்று எழுதியிருக்கிறது.

அது தெய்வம் இல்லை. அது என் அப்பா.

நான் அந்தச் சுவருக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. உள்ளே இருந்த பெண், அந்த ஏற்பாட்டுக்கெல்லாம் பொறுப்பான பெண், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"உக்காருங்க ஆயா. படத்தையே பாக்குறீங்களே, இது எந்தக் கோயில் சாமின்னு உங்களுக்குத் தெரியுங்களா? எங்களுக்கு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க."

"தெரியாது" என்றேன். "யாரோ."

வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன், ஒரு வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த வருஷம் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்களில் நாம் ஆறு பேர்தான் இந்த ஊரில் மிச்சம். உங்களுக்குத்தான் எழுதுகிறேன். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் படித்துக் காட்டட்டும். நடுவில் விட்டுவிட்டுப் படிக்க வேண்டாம். உங்கள் அம்மாக்களைப் பற்றிக் கடுமையாகத்தான் எழுதுவேன். அதையும் படியுங்கள்.

இரண்டாவது ஜெர்மன் சண்டை ஆரம்பித்த வருஷம் அது. எனக்கு ஒன்பது வயது. ஆடி பதினெட்டு போயும் ஒரு சொட்டு விழவில்லை. ராகி முளைத்து நாலு விரல் வந்து கருகிவிட்டது. கிணற்றில் வாளியை விட்டால் கல்லில் மோதுகிற சத்தம்தான் மேலே வரும். வத்தல்மலைக்காரர்கள் சாமையும் தேனும் கொண்டுவந்து உப்பு வாங்கிப் போவார்களே, அந்த வருஷம் வெறுங்கையோடு இறங்கி வந்து நம் வாசலில் நின்றார்கள். நமக்கே கள்ளிப்பழம்தான். நாக்கெல்லாம் சிவந்து, முள் குத்தி, ஆளுக்கு ஆள் நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டு திரிந்தோம். ஞாபகம் இருக்கிறதா?

இரண்டு வருஷத்துக்கு முன் உடைந்த ஏரிக்கரை உடைந்தபடியே கிடந்தது. மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. ஊர்க்கவுண்டர் அதைக் கட்டித்தரச் சொல்லி எழுதாத மனு இல்லை.

என் அப்பா பானை வனைகிறவர். ஏரிக்குப் போகிற வழியில் எங்கள் சூளை. அங்கேதான் அந்த ஜெர்மனிக்காரர் வந்து சேர்ந்தார். பக்கத்து ஊர்ப் பங்களாவில் தங்கியிருந்தார். அவர் வேதம் சொல்ல வந்தவர் இல்லை, சிலை செய்கிறவர். மூன்று கால் போட்டோப் பெட்டி, குடை, ஒரு தோல் பை. கூடவே பேச்சை மாற்றிச் சொல்ல அந்த ஊர் உபதேசியார். நம் ஊரில் அந்த வெள்ளைக்காரரைச் சிலைக்காரத் துரை என்றார்கள். நானும் சிலைக்காரர் என்றே எழுதுகிறேன்.

அப்பா மண் மிதித்துக்கொண்டிருந்தார். சிலைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். பூட்ஸைக் கழற்றினார். அதற்குள்ளே இன்னொரு உறை, அதையும் கழற்றினார். கால் உரித்த வள்ளிக்கிழங்கு மாதிரி இருந்தது.

"காலுக்குக்கூடச் சட்டை போட்டு வளத்திருக்காங்க பாரு" என்றாள் அம்மா.

"எறங்குங்க துரை, மண்ணு ஒண்ணும் கடிக்காது" என்று அப்பா கையை நீட்டினார். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் இறங்கினார். வழுக்கி உட்கார்ந்தார். அப்பா சிரித்த சிரிப்பில் சூளைக்குப் பின்னால் கட்டியிருந்த கழுதை கத்தியது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் தினமும் வந்தார். ஒருவர் பேச்சு ஒருவருக்குத் தெரியாது. தேவையும் இருக்கவில்லை. அப்பா பானையின் அடியைத் தட்டி விரிக்கக் கற்றுக்கொடுத்தார். உள்ளே தட்டுக்கல், வெளியே தட்டுப்பலகை, இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். சிலைக்காரர் பதினேழு பானையை ஓட்டை போட்டுவிட்டுப் பதினெட்டாவதை முழுசாக எடுத்தார். அவர் அப்பாவுக்கு விரல், நகம், காது செய்யக் காட்டினார். அப்பா ஒரு பானையின் தோளில் காது ஒட்டி அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"இந்தா, பானைக்குக் காது வச்சிட்டேன். இனிமே நீ சொல்றதை இது கேட்டுக்கும், என்னை வுட்டுடு."

ஒரு நாள் இருவரும் சாமான் மாற்றிக்கொண்டார்கள். அப்பா தன் தட்டுப்பலகையைக் கொடுத்தார். புளியமரத்துக் கட்டை, கை பட்டுப் பட்டுக் கறுத்து எண்ணெய் தேய்த்த மாதிரி இருக்கும். அவர் மண்ணில் மூக்கும் காதும் வழிக்கிற தன் மரக்கத்தியைக் கொடுத்தார். உபதேசியார் நிழலில் நின்றபடி, "ரெண்டு தேசத்துக் கையும் ஒரே மண்ணுல வேலை செய்யுது, இதைவிடச் சமாதானம் வேற இல்லைன்னு சொல்றாருப்பா" என்றார். இப்போது நோட்டீஸில் போட்டிருக்கிறார்களே, கிட்டத்தட்ட அதே பேச்சு.

சிலைக்காரரிடம் ஒரு நோட்டு இருந்தது. வேலைக்கு நடுவே அப்பாவைப் பார்ப்பார், எழுதுவார், பார்ப்பார். ஒரு தடவை காற்றில் பக்கங்கள் புரண்டபோது நான் எட்டிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக அப்பா. பக்கவாட்டில், நேராக, குனிந்து. இடது புருவத்தில் சூளை ஓடு கிழித்த தழும்புகூட இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. என் பண்டம் மாதிரி மறைத்து வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

ஆவணி பிறந்தும் வானம் வெளுத்துக் கிடந்தது. கொடும்பாவி இழுப்பது என்று ஊர் முடிவு செய்தது. நமக்குத் தெரியும், படித்துக் காட்டுகிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மழையைக் கட்டிப்போட்ட பெரும்பாவி ஒருவன் ஊருக்குள் இருக்கிறான் என்று வைத்துக்கொண்டு, சோளத்தட்டிலும் வைக்கோலிலும் உடம்பு கட்டி, மண்ணில் தலை வைத்துப் பாடையில் போட்டுத் தெருத்தெருவாக இழுப்பார்கள். பெண்கள் தலையை விரித்துப் போட்டு மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள், விளக்குமாற்றால் அடிப்பார்கள். கடைசியில் சுடுகாட்டில் தலையை உடைத்து, உடம்பைக் கொளுத்திவிட்டு வந்தால் பாவம் போயிற்று. மழை வரும் என்று நம்பிக்கை.

தலை செய்வது அப்பா வேலை. ஒரு உருண்டை, இரண்டு சோழி, வாய்க்கு ஒரு கீறல். அவ்வளவுதான். முகம் யார் மாதிரியும் இருக்கக் கூடாது. இதை யாரும் யாருக்கும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் எப்போதும் வந்ததில்லை.

ஊர்க்கவுண்டர் சூளைக்கு வந்தார்.

"தலையைத் துரை செய்யட்டும்டா."

"அது என்னாங்கய்யா பெரிய வேலை. ரெண்டு சோழி வச்சா முடிஞ்சுது."

"உனக்கு ஒண்ணும் தெரியாதுடா. துரைக்கு மனசு குளுந்தா பெரிய துரைங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுவாரு. ஏரிக்கரை எழும்பும். உனக்கு மழை மட்டும் போதுமா, தண்ணி நிக்க வேணாமா?"

அப்பா ஒத்துக்கொண்டார். ஏரிக்காக மட்டும் இல்லை. சிலைக்காரரை அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. விருந்தாளிக்கு முதல் இலை போடுவது மாதிரி தலையைக் கொடுத்துவிட்டார்.

சிலைக்காரர் உபதேசியாரிடம், இது என்ன உருவம் என்று கேட்டார். உபதேசியார் நம் ஜனம்தான், கொடும்பாவி இழுத்த ஊரில் பிறந்தவர்தான். ஆனால் படித்துவிட்டார். செத்த பாவியைத் தெருவில் இழுத்து விளக்குமாற்றால் அடிப்போம் என்று ஒரு வெள்ளைக்காரரிடம் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. "மழைக்காகச் செய்கிற சாமி" என்று சொல்லிவிட்டார். பின்னால் அவரே அழுதுகொண்டு அம்மாவிடம் சொன்னது இது. நம் மானத்தைக் காப்பாற்றினாராம்.

சிலைக்காரர் நாட்டில், சாமிக்கு முகம் வைக்க வேண்டுமென்றால், தான் மதிக்கிற மனிதர் ஒருவரின் முகத்தை வைப்பது உண்டாம்.

சூளைக்குப் பக்கத்தில் நாலு பக்கமும் ஓலைப்பாய் கட்டிக்கொண்டு மூன்று நாள் உள்ளேயே இருந்தார். தலை வைக்கிறவன் தவிர வேறு யாரும் கொடும்பாவியின் முகத்தைத் துணி எடுக்கும்வரை பார்க்கக் கூடாது என்பது வழக்கம். அப்பா மண்ணைப் பிசைந்து பாய்க்கு அடியில் தள்ளிவிடுவார். உள்ளேயிருந்து சீட்டி அடிக்கும் சத்தம் வரும். அப்பாவும் வெளியே இருந்து சீட்டி அடிப்பார். கடைசி நாள் போட்டோப் பெட்டியை உள்ளே எடுத்துப் போனார். அந்தப் போட்டோதான் இப்போது நம் பஞ்சாயத்துச் சுவரில் இருக்கிறது.

மறுநாள் காலை வெயில் ஏறியதும் கோயில் வாசலில் ஊர் முழுக்கக் கூடியது. பாடையில் வைக்கோல் உடம்பு. தலையின் மேல் ஈரத் துணி. பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டு வரிசையாக நின்றார்கள். உங்கள் அம்மாக்கள், அத்தைகள், எல்லோரும். பூசாரி துணியை இழுத்தார்.

நான் முன்வரிசையில் நின்றேன். பார்த்ததும் கைதட்டிக் குதித்தேன்.

"அப்பா! எங்கப்பா! எங்கப்பாவே படுத்திருக்காரு!"

சந்தோஷத்தில் கத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் சொன்னதில்லை.

மேளம் நின்றது. எல்லோரும் மண் தலையைப் பார்த்தார்கள். பிறகு அப்பாவைப் பார்த்தார்கள். மறுபடியும் தலையை. புருவத் தழும்பு, அம்மை வடு, ஒரு பக்கம் தூக்கிச் சிரிக்கிற உதடு. ஜனம் இரண்டடி பின்னால் நகர்ந்தது. அப்பாவைச் சுற்றி வெறும் தரை.

எங்கள் வீட்டில் கண்ணாடி கிடையாது. அப்பாவுக்குத் தன் முகம் சரியாகத் தெரியாது. கையைத் தூக்கித் தன் மூக்கைத் தொட்டார், புருவத்தைத் தடவினார். அம்மாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"நானா அது?"



நிறுத்தியிருக்கலாம். துணியைப் போட்டு மூடி, வேறு உருண்டை பிடித்து வைத்திருக்கலாம், அரை மணி நேர வேலை. ஊர்க்கவுண்டர் வானத்தை ஒரு தடவை பார்த்தார். "துணி எடுத்தாச்சு, நிறுத்தக் கூடாது. இழுங்கடா" என்றார்.

இழுத்தார்கள். மேளம் அடித்தது. பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். முதல் தெருவில் தயங்கித் தயங்கித்தான் அழுதார்கள். இரண்டாவது தெருவில் குரல் ஏறிவிட்டது. பசி, வெயில், செத்த மாடு, கருகின ராகி எல்லாம் சேர்ந்து நிஜமாகவே அழுதார்கள். விளக்குமாறு அந்த முகத்தில் விழுந்தது. யார் யார் அடித்தார்கள் என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை. அப்பா பாடைக்குப் பின்னாலேயே நடந்து வந்தார். போகாதே என்று சொல்லவும் ஆள் இல்லை, வா என்று சொல்லவும் ஆள் இல்லை.

ஏரிக்கரை வந்தபோது சிலைக்காரர் ஓடி வந்தார். சாமி ஊர்வலம் பார்க்க வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவர். விளக்குமாற்றைப் பார்த்தார், அடி விழுகிற முகத்தைப் பார்த்தார், பின்னால் வரும் அப்பாவைப் பார்த்தார். என்னவோ கத்திக்கொண்டு பாடை மேல் விழுந்து தலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அடி அவர் முதுகில் விழுந்தது. இழுத்துத் தள்ளினார்கள். அந்தக் களேபரத்தில் தலை கழன்று உருண்டு ஏரிக்குள் போய் நின்றது. உபதேசியார் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஆட்கள் வைக்கோல் உடம்பை மட்டும் சுடுகாட்டில் கொளுத்தினார்கள்.

தலையைத் தொட யாரும் வரவில்லை. வெடித்த ஏரித்தரையில் அது வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தது.

மழை வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்கள் வீடுகளுக்கும் தெரிந்ததுதான். எங்கள் வீட்டில் பானை வாங்க ஆள் வரவில்லை. அம்மா கிணற்றடிக்குப் போனால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். "பாவி எவன்னு சாமியே துரை கையால காட்டிக் குடுத்திருச்சு" என்று பேசினார்கள். நாவிதர் எங்கள் வாசலைத் தாண்டிப் போனார், அப்பாவுக்குத் தாடி வளர்ந்தது. நீங்கள் என்னோடு விளையாட வரவில்லை. உங்களைச் சொல்லிக் குற்றம் இல்லை, உங்களை விடவில்லை. தெரியும்.

அப்பா பூசாரியிடம் போய் நின்றார். பூசாரி கெட்டவர் இல்லை. அவரும் பசியில்தான் இருந்தார்.

"தலை இருக்கிற வரைக்கும் பாவம் போவாதப்பா. வச்ச கைதான் எடுக்கணும். துரையே வந்து உடைக்கட்டும். வேற கை உடைச்சா உன் உசுருக்கு ஆவாது."

அப்பா பங்களாவுக்குப் போனார். அங்கே பூட்டு. உபதேசியார் மட்டும் இருந்தார். சண்டை மூண்டுவிட்டது, ஜெர்மனிக்காரர் எல்லாம் இனி சர்க்காருக்கு எதிரி, நாளைக்குப் பொம்மிடி ரயிலில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள் என்றார். ஊர்க்கவுண்டர் ஏரிக்காகப் பிடித்து வைத்த பெரிய மனிதர் சர்க்காரின் கைதி!

"நீங்களும் வாங்க, நாலு வார்த்தை எடுத்துச் சொல்லுங்க" என்று அப்பா கெஞ்சினார்.

"என் பேரையும் எழுதிக்கிட்டுப் போயிடுவாங்கப்பா. எனக்கும் புள்ளைங்க இருக்குது" என்றார் உபதேசியார்.

விடியும்போது அப்பா ஏரியில் இறங்கித் தலையை எடுத்தார். ஈரச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டார். என்னையும் கூட்டிப் போனார். சிலைக்காரருக்கு என்னைப் பிடிக்கும், பிள்ளையைப் பார்த்தால் மனசு இளகும் என்று நினைத்தார். பச்சை மண் என்ன கனம் என்று உங்களுக்குத் தெரியாது. தோள் மாற்றி மாற்றி நடந்தார். சாக்கிலிருந்து சேற்றுத் தண்ணீர் அவர் மார்பில் வழிந்தது. உச்சி வெயிலுக்குப் பொம்மிடி போய்ச் சேர்ந்தோம்.

நான் முதல்முதலில் ரயில் பார்த்தது அன்றுதான். கரிப்புகை வாசம் இன்றைக்கும் எனக்கு ஆகாது. ஒரு பெட்டியின் ஜன்னலில் சிலைக்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவர் கீழே இறங்கி வழியை மறித்தார்.

"என்னாடா மூட்டை?"

"தலைங்க."

"என்னாது?"

"மண்ணுத் தலைங்கய்யா."

சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டுப் போலீஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடே, உன்னையே செஞ்சு வச்சிருக்கான்டா! இதுக்குப் போயா அழுவுற? எனக்கெல்லாம் எவன்டா செஞ்சு குடுப்பான்? போ, போ, சீக்கிரம் காட்டிட்டு வா."

அப்பா தலையை ஜன்னல் கட்டையில் தூக்கி வைத்தார். சிலைக்காரர் எழுந்து நின்றார். முகம் வெளிறிப் போயிற்று. அப்பா தன் முகத்தைத் தொட்டுக் காட்டினார், மண் முகத்தைத் தொட்டுக் காட்டினார், கையை ஓங்கி உடைப்பது போலக் காட்டினார். மறுபடியும் காட்டினார். "உடைங்க துரை. உங்க கையால ஒரு அடி. ஒரே அடி" என்றார். என்னைத் தூக்கிக் காட்டினார். நானும் "உடைங்க, உடைங்க" என்று அழுதேன்.

அவர் எங்களையே பார்த்தார். பையைத் திறந்தார். அப்பாவின் தட்டுப்பலகையை எடுத்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தோம். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் பலகையை மார்பில் வைத்து, பத்திரமாக வைத்திருக்கிறேன் என்பது போலத் தலையாட்டிவிட்டு உள்ளே வைத்தார். பிறகு மண் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினார். வழியில் கன்னத்தில் ஒரு விரிசல் விட்டிருந்தது. விளக்குமாறு கீறிய கோடுகள் இருந்தன. எச்சிலைத் தொட்டுக் கட்டை விரலால் அந்த விரிசலைத் தேய்த்தார். கோடுகளை ஒவ்வொன்றாக வழித்தார். கண்ணீர் ஒழுக ஒழுகத் தேய்த்தார். உடைக்கச் சொல்லி மன்றாடுகிறோம், அவர் பூசி மெழுகுகிறார்! எங்களுக்குப் புரிந்தது அவருக்குப் புரியவில்லை. வண்டி ஊதியது. கையை நீட்டி அப்பாவின் கன்னத்திலும் அதே இடத்தில், அதே மாதிரி, கட்டை விரலால் ஒரு தடவை தடவினார். வண்டி நகர்ந்தது. அப்பா தலையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது பாதி வழியில் அப்பா நின்றார். ஒரு வேப்பமரத்தடியில் சாக்கை இறக்கி, முகத்தைப் பார்த்தார். "நல்ல கை" என்றார். "விரிசல் இருந்த எடமே தெரியல பாரு."

ஊர் அதோடு விடவில்லை. வைத்த கை கிடைக்காவிட்டால், அடையாளம் சொன்ன வாய் அதை மாற்றிச் சொல்ல வேண்டும் என்று ஊரே ஒரு வழி கண்டுபிடித்தது. கோயில் வாசலில் தலையை வைத்து என்னை முன்னால் நிறுத்தினார்கள். நீங்களும் இருந்தீர்கள். நான் பார்த்தேன்.

"சொல்லு கண்ணு. இது எங்கப்பா இல்ல. அவ்வளவுதான்" என்றார் பூசாரி.

ஊர்க்கவுண்டர் கையில் ஒரு உருண்டை வெல்லம். "சொன்னா உனக்குத்தான்."

நான் அந்த முகத்தைப் பார்த்தேன். அவர்தான். எப்படிச் சொல்வது? சொன்னால் அப்பா எனக்கு அப்பாவாக இருக்க மாட்டார் என்று தோன்றியது. ஒன்பது வயதுக்கு அவ்வளவுதான் புத்தி. வாயை இறுக்கிக்கொண்டேன்.

"சொல்லித் தொலைடீ!" என்று அம்மா கன்னத்தில் அறைந்தாள். இன்னொன்று. "உன் வாய்தான்டீ எல்லாத்துக்கும். சொல்லுடீ!" அம்மா காலில் விழுந்தாள், என் காலில். அப்போதும் வாய் திறக்கவில்லை.

இத்தனை பெரிய மனிதர்கள், ஒரு ஊரின் மழையையும் ஒரு ஆளின் உயிரையும் ஒரு சின்னப் பெண்ணின் வாயில் வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். வெட்கம் கெட்டவர்கள்.

அப்பா வந்து என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"வுடுங்க. புள்ளையைப் பொய் சொல்லப் பழக்காதீங்க."

என்னை அம்மாவிடம் கொடுத்தார். வீட்டுக்குப் போய்த் தட்டுக்கல்லை எடுத்து வந்தார். தலையைத் தோளில் வைத்துக்கொண்டு, பட்டப்பகலில், தனியாகச் சுடுகாட்டுக்கு நடந்தார். நான் அம்மாவை உதறிவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். தலையைக் கீழே வைத்து எதிரில் உட்கார்ந்தார். அவசரப்படவில்லை. ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் முதல் தடவையாகத் தன்னை நிதானமாகப் பார்த்தார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. பிறகு கல்லைத் தூக்கி அடித்தார். மூன்று அடி. மண்ணை விரலால் நொறுக்கித் தூளாக்கிவிட்டு எழுந்தார்.

"வா, பசிக்குது" என்றார்.

நாலாம் நாள் காய்ச்சல். அடிவாரத்தில் அந்தக் காலத்தில் யாருக்குத்தான் மலைக்காய்ச்சல் வரவில்லை? கொயினா மாத்திரை இருந்திருந்தால் பிழைத்திருப்பார். இதை நான் நூறு தடவை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆறாம் நாள் மழை பிடித்தது. ஊரே தெருவில் ஆடியது, மேளம் கேட்டது. அப்பா பாயில் கிடந்தபடி கேட்டார்.

"ஏரியில தண்ணி நிக்குதா?"

"கரை உடைஞ்சு கெடக்குதேங்க, எங்க நிக்கும்" என்றாள் அம்மா.

"ஆமாமா" என்றார். ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

அம்மா வீடு வீடாகச் சொல்லி அனுப்பினாள். ஆண்கள் நாலு பேர் வந்தார்கள். பெண் ஒருத்தியும் வரவில்லை. அம்மா மழையில் தலைவிரி கோலமாக ஓடிப்போய்த் தெருவில் நின்று கூப்பிட்டாள். கதவுக்கு உள்ளே இருந்தே ஒரு குரல் வந்தது.

"ஒரு ஆளுக்கு ரெண்டு தரம் அழுவக் கூடாதும்மா. அன்னிக்கே அழுதாச்சு."

யார் குரல் என்று எனக்குத் தெரியும். உங்களில் ஒருத்தருக்கும் தெரியும்.

என் அப்பா ஒப்பாரி இல்லாமல் போனார். நாய்க்குட்டி செத்தால்கூட நாம் அழுத ஊர் இது. விற்காமல் அடுக்கி வைத்திருந்த பானைகளிலிருந்து கொள்ளிக்குடத்துக்கு ஒன்றை அம்மா எடுத்துக் கொடுத்தாள். காது ஒட்டிய பானைதான் கைக்கு வந்தது. அதை வைத்துவிட்டு வேறு எடுத்தாள். அந்தக் காதுப் பானை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மரக்கத்தியும் போயிற்று. தட்டுக்கல் மட்டும் என்னிடம் இருக்கிறது.

அன்றைக்கு என் வாயில் வராத பொய், போன வாரம் பஞ்சாயத்து ஆபீஸில் வந்தது. "தெரியாது, யாரோ" என்று சொல்லிவிட்டேன். வெல்லம் இல்லாமல், அறை வாங்காமல். அறுபது வருஷத்துக்கு மேல் தாமதமாக.

நோட்டீஸைக் கிழித்துவிடலாம் என்று மறுநாள் காலை போனேன். கை வைத்தேன். கிழிக்க முடியவில்லை. அப்பாவுக்கு வேறு படம் கிடையாது. விரிசல் விழாத, அடி விழாத முகம். எனக்கு இருபத்தைந்து வயசுக்கு மேல் அந்த முகம் மறந்து போயிருந்தது. இப்போது என் மகனைவிடச் சின்னவராக இருக்கிறார்.

செய்யட்டும். மழைத் தெய்வம் என்று நினைத்துக்கொண்டே செய்யட்டும், பூப் போடட்டும், ஊர்வலம் விடட்டும். ஆனால் அந்தப் பெண்ணிடம் போய் அது யார் என்று நாளைக்குச் சொல்லிவிடுவேன். அதற்கப்புறமும் செய்தால் செய்யட்டும்.

ஊர்வலத்தன்று துணியை எடுக்கும்போது நான் முன்வரிசையில் நிற்பேன். மறுபடியும் கூப்பிடுவேன். நீங்கள் ஐந்து பேரும் வர வேண்டும். நடக்க முடியாதவர்களைப் பேரன் தூக்கிக்கொண்டு வரட்டும். ஆண்கள் சும்மா நில்லுங்கள், போதும். பெண்கள் மூன்று பேருக்கும் ஒப்பாரி தெரியும். உங்கள் அம்மாக்கள் அந்தத் தெருவில் வைத்த ஒப்பாரி அப்பாவுக்கு வைத்தது இல்லை, பாவிக்கு வைத்தது. அப்பாவுக்கு இன்னும் யாரும் அழவில்லை.

நான் "அப்பா" என்று கத்தியதும், இந்தத் தடவை பின்னால் நகராதீர்கள். நின்று அழுங்கள்.